பைலட் ஆகும் கனவு... பணம் கட்டும் முன் பார்க்க வேண்டிய 'விரிசல்'கள்!

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். அகல் விளக்கோ, கொலு பொம்மையோ, ஃபியூஸ் கட்டையோ, எதுவாக இருந்தாலும் அச்சிலிருந்து எடுத்துக் காயவைக்கும்போதே விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சூளைக்குப் போகும் முன் தெரிந்தால் பெரிய நஷ்டமில்லை. அந்த மண்ணைத் தண்ணீர் விட்டுக் கரைத்து மறுபடியும் பிசைந்துகொள்ளலாம். வெந்து வெளியே வந்த பிறகு தெரிந்தால்? மண்ணும் போச்சு, எரிபொருளும் போச்சு, கூலியும் போச்சு.

'எம் பொண்ணு பைலட் ஆகணும்னு சொல்றா', 'பையன் பிளஸ் டூ முடிச்சுட்டான், விமானப் பயிற்சிக்கு அனுப்பலாமா?' என்று யோசிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். விமானி பயிற்சி என்பது பல லட்சங்களை விழுங்கும் சூளை. காட்டை விற்றோ, வீட்டை அடமானம் வைத்தோ பணத்தைக் கட்டிய பிறகு, 'கண் பரிசோதனையில் தேறவில்லை', 'கணிதம் படித்திருக்க வேண்டுமாம்' என்று தெரிய வந்தால் அந்தக் குடும்பம் எழுந்து நிற்கப் பல வருடங்கள் ஆகும். எந்தப் படியை முதலில் ஏறுவது, எதைக் கடைசியாக வைத்துக்கொள்வது என்ற வரிசை தெரிந்திருந்தால் இந்த விபத்தைத் தவிர்க்கலாம்.

எட்டாத தூரமா?

விமானம் என்றாலே சென்னை, மும்பை சமாசாரம் என்று நினைக்கத் தேவையில்லை. விருத்தாசலத்துக்குப் பக்கத்திலேயே நெய்வேலியில், ஒருகாலத்தில் வாயுதூத் விமானங்கள் வந்துபோன ஓடுதளம் இருக்கிறது. இந்தப் பக்கம் உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் வானத்துக்குமான உறவு இன்னும் பழையது. 1910-ல் சென்னை பல்லாவரத்தில் விமானம் பறக்கவிட்டவர் டி ஏஞ்சலிஸ். 1929 பிப்ரவரியில் ஜே.ஆர்.டி.டாடா இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டே மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் தொடங்கப்பட்டுவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு, பெங்களூரு ஜக்கூரிலிருந்த அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் படித்து 1949-ல் தேறியவர் உஷா சுந்தரம். 1951-ல் கணவர் கேப்டன் வி.சுந்தரத்துடன் மெட்ராஸ் அரசுக்கான டவ் ரக விமானத்தை இங்கிலாந்திலிருந்து 27 மணி நேரத்தில் மும்பைக்கு ஓட்டிவந்தார். இதே தம்பதிதான் பின்னாளில் சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பையும் உருவாக்கினார்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம். உலக அளவில் விமானிகளில் பெண்கள் சுமார் 5 சதவிகிதம்தான். இந்தியாவில் அது சுமார் 15 சதவிகிதம். 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?' என்ற கேள்விக்கு நம் நாடே பதில் சொல்லிவிட்டது.

படி 1: பிளஸ் ஒன்னில் எந்த குரூப்?

வணிக விமானி உரிமம், அதாவது சி.பி.எல் வாங்கினால்தான் சம்பளத்துக்கு விமானம் ஓட்ட முடியும். இந்தியாவில் இதை வழங்குவது டி.ஜி.சி.ஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் இரண்டும் படித்துத் தேறியிருக்க வேண்டும். மாணவர் விமானி உரிமத்தை 16 வயதிலேயே பெறலாம்.

கணிதம் - உயிரியல் குரூப், கணிதம் - கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் படித்தவர்களுக்குப் பிரச்னை இல்லை. கணிதம் இல்லாத அறிவியல் குரூப் எடுத்தவர்களும், வணிகவியல், கலைப் பிரிவு மாணவர்களும்தான் தடுமாறுவார்கள். அவர்களுக்கும் வழி உண்டு. தேசிய திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்) மூலம் விடுபட்ட பாடங்களை மட்டும் எழுதித் தேறலாம். 'எல்லா குரூப் மாணவர்களும் சேரலாம்' என்ற வகையில் விதியைத் தளர்த்தும் யோசனை 2025-ல் பேசப்பட்டது. ஆனால், பேச்சை நம்பிப் பணம் கட்டக் கூடாது. சேருகிற நாளில் டி.ஜி.சி.ஏ இணையதளத்தில் விதி என்னவாக இருக்கிறதோ, அதுதான் கணக்கு.

பத்தாம் வகுப்பு முடிக்கும்போதே ஆசை தெரிந்துவிட்டால் குரூப் தேர்விலேயே வேலை முடிந்துவிடும். செலவே இல்லாமல் அடைக்கக்கூடிய முதல் விரிசல் இது.

படி 2: கண் டாக்டரைப் பாருங்கள்

மிக முக்கியமான படி இது. பலர் இதைக் கடைசியாக வைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் வேதனை.

விமானிக்கு இரண்டு கட்ட மருத்துவப் பரிசோதனை உண்டு. முதலில் கிளாஸ் 2. இதை டி.ஜி.சி.ஏ அங்கீகரித்த மருத்துவர்களிடம் செய்துகொள்ளலாம். அடுத்தது கிளாஸ் 1. இதற்கு விமானப்படையின் மருத்துவ மையங்களுக்கோ, அனுமதி பெற்ற மருத்துவமனைகளுக்கோ செல்ல வேண்டும். கண், காது, இதயம், ரத்தம், சிறுநீர், நுரையீரல் என எல்லாவற்றையும் அலசிப் பார்த்துவிடுவார்கள். வணிக விமானிக்கு கிளாஸ் 1 கட்டாயம்.

'கண்ணாடி போட்டால் பைலட் ஆக முடியாது' என்பது பழைய நம்பிக்கை. கண்ணாடி அணிந்து பார்வை சரியாகிறது என்றால், வரம்புக்குட்பட்ட பவர் உள்ளவர்களுக்குத் தடையில்லை. உண்மையான தடை, நிறக்குருடு. சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. டிராஃபிக் சிக்னலில்கூட, எந்த விளக்கு மேலே, எது கீழே என்ற பழக்கத்தில் சமாளித்துவிடுவார்கள். ஆண்களிடம் இது அதிகம், பெண்களிடம் மிகக் குறைவு.

ஆனால், வானத்தில் சமாளிக்க முடியாது. விமானத்தின் இடது இறக்கை முனையில் சிவப்பு விளக்கு, வலது முனையில் பச்சை விளக்கு. இருட்டில் எதிரே தெரியும் விமானம் எந்தப் பக்கம் போகிறது என்பதை அதை வைத்துத்தான் கணிக்க வேண்டும். தரையிறங்கும்போது ஓடுதளத்தின் ஓரம் நான்கு விளக்குகள் தெரியும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான உயரம். நான்கும் வெள்ளை என்றால் அளவுக்கு மேல் உயரம். நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான தாழ்வு.

நிறப் பார்வையைச் சோதிக்க, வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகள் போதும். விருத்தாசலத்திலோ கடலூரிலோ இருக்கும் கண் மருத்துவரிடமே பார்த்துக்கொள்ளலாம். சில நிமிட வேலை. இது அதிகாரபூர்வ சான்றிதழ் ஆகாதுதான். ஆனால், அரை கோடி ரூபாய் முடிவை எடுக்கும் முன் வீட்டுக்குத் தேவையான முதல் பதில் இதில் கிடைத்துவிடும். அங்கே தேறினால் கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1. இரண்டிலும் தேறிய பிறகே பயிற்சிக் கட்டணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இந்தப் பரிசோதனை ஒரு தடவையோடு முடிந்துவிடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். 40 வயதுக்கு உட்பட்ட விமானிகள் ஆண்டுக்கு ஒருமுறை கிளாஸ் 1 பரிசோதனையில் தேறிக்கொண்டே இருக்க வேண்டும். சிகரெட்டும் மதுவும் வேண்டாம் என்று அம்மாக்கள் சொல்லும் அறிவுரை, இந்த வேலையில் சம்பளத்தோடு சம்பந்தப்பட்டது.

படி 3: புத்தகத்தை முதலில் முடியுங்கள்

உரிமம் பெற எழுத்துத் தேர்வுகள் உண்டு. வான்வழி கண்டறிதல், வானிலையியல், விமானப் போக்குவரத்து விதிகள், விமானத் தொழில்நுட்பம் (பொது), பயிற்சி எடுக்கும் குறிப்பிட்ட விமானத்தின் தொழில்நுட்பம் ஆகியவை பாடங்கள். ஒவ்வொன்றிலும் 70 சதவிகித மதிப்பெண் வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் ரேடியோவில் பேசுவதற்கான ஆர்.டி.ஆர் உரிமம் தனி. ஆங்கிலப் பேச்சுத் திறனுக்கும் சோதனை உண்டு. இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை. தெளிவாக, சுருக்கமாக, பதற்றமில்லாமல் பேச வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்கள் இப்போதிருந்தே தினமும் பேசிப் பழகினால் இது பெரிய மலையாக இருக்காது.

விமானத்தில் பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆயிரக்கணக்கில் செலவாகும். எழுத்துத் தேர்வுக்குப் படிக்க அந்த அளவு ஆகாது. அதனால் பிளஸ் டூ முடித்ததும் டி.ஜி.சி.ஏ-வில் கணினி எண் பெற்று, முடிந்தவரை எழுத்துத் தேர்வுகளை முடித்துவிட்டுப் பறக்கப் போவது புத்திசாலித்தனம். இந்தப் பாடங்கள் பிடிக்கின்றனவா, தொடர்ந்து படிக்க முடிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். சினிமாவில் பார்த்த யூனிஃபார்ம் மீதான ஆசையா, விமானம் மீதான ஆசையா என்பதைப் பிரித்துக் காட்டும் சல்லடை இது.

படி 4: அந்த 200 மணி நேரம்

சி.பி.எல் பெற மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே விமானத்தின் பொறுப்பாளராக இருந்து ஓட்ட வேண்டும். 20 மணி நேரம் ஊர் விட்டு ஊர் பறக்கும் பயணம். அவற்றில் ஒன்று குறைந்தது 300 கடல் மைல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும். வழியில் இரண்டு வெவ்வேறு நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதற்கு 10 மணி நேரம். இரவில் 5 மணி நேரம், 10 முறை ஏறி இறங்க வேண்டும்.

பயிற்சி பெரும்பாலும் செஸ்னா 172 போன்ற சிறிய விமானங்களில் நடக்கும். புறப்படும் முன் மாணவர் செய்ய வேண்டிய சோதனைகளில் ஒன்று சுவாரஸ்யமானது. இந்த என்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். ஒன்று பழுதானாலும் மற்றொன்று காப்பாற்றும். ஓடுதளத்தில் ஏறும் முன், ஒரு பக்கத்தை அணைத்து, என்ஜின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். பிறகு அடுத்த பக்கம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைந்தால் அன்று பறக்கக் கூடாது. அந்த ஸ்பார்க் பிளக்கில் மின்சாரத்தைக் கசியவிடாமல் தாங்கி நிற்பது எது தெரியுமா? செராமிக். விருத்தாசலம் பிள்ளைகளுக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

எங்கே படிப்பது?

மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி, உத்தரப்பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் 1985-லிருந்து இயங்குகிறது. நுழைவுத் தேர்வு, நேர்முகத் தேர்வு மூலம் சேர்க்கை நடக்கும். இட ஒதுக்கீடும் உண்டு. இங்கேயே பயிற்சிக் கட்டணம் 45 லட்சம் ரூபாய் அளவில் இருக்கிறது.

தனியார் பயிற்சி நிறுவனங்கள் நாடு முழுவதும் உள்ளன. விமானப் பயிற்சிப் பள்ளிகள் தொடங்க இந்திய விமான நிலையங்கள் ஆணையம் தேர்வு செய்த இடங்களில் நம்ம சேலம் விமான நிலையமும் ஒன்று. விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து ஆத்தூர் வழியாக ரயில் பாதை இருக்கும் அதே சேலம்தான்.

வெளிநாட்டில் படித்தால் சீக்கிரம் முடியும் என்று சொல்வார்கள். பறக்கும் மணி நேரம் சீக்கிரம் முடியலாம். ஆனால், அந்த உரிமத்தை வைத்து இங்கே வேலை செய்ய, டி.ஜி.சி.ஏ தேர்வுகளை எழுதி இந்திய உரிமமாக மாற்றியாக வேண்டும். அந்தச் செலவையும் காலத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

2025-ல் டி.ஜி.சி.ஏ முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிட்டது. மேல்நிலையான 'ஏ பிளஸ் பிளஸ்', 'ஏ பிளஸ்' பிரிவுகளில் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை. அதனால் பள்ளியை நேரில் போய்ப் பாருங்கள். பளபளக்கும் விளம்பரப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

* டி.ஜி.சி.ஏ அங்கீகாரம் இப்போது செல்லுபடியாகிறதா?
* மொத்தம் எத்தனை விமானங்கள்? அவற்றில் இன்று பறக்கும் நிலையில் இருப்பவை எத்தனை?
* பயிற்றுநர்கள் எத்தனை பேர்? ஒருவருக்கு எத்தனை மாணவர்கள்?
* கடைசியாக முடித்த மாணவர்கள் 200 மணி நேரத்தை எத்தனை மாதங்களில் முடித்தார்கள்?
* கட்டணத்தைப் பறக்கும் மணி நேரத்துக்கு ஏற்ப தவணையாகக் கட்டலாமா? நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

நான்காவது கேள்வியைப் பள்ளி நிர்வாகத்திடம் மட்டும் கேட்டால் போதாது. அங்கே படிக்கும் மாணவர்களிடம் டீக்கடையில் வைத்துக் கேளுங்கள். மூடுபனி, மழை, விமானப் பழுது, பயிற்றுநர் பற்றாக்குறை என்று காத்திருந்தே, ஒன்றரை ஆண்டில் முடிய வேண்டிய பயிற்சி மூன்று ஆண்டுகளுக்கு இழுப்பது உண்டு. காத்திருக்கும் மாதங்களுக்கும் விடுதிக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும், வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும்.

பணக் கணக்கு

தங்குமிடம், சாப்பாடு, தேர்வுகள் எல்லாம் சேர்த்தால் சி.பி.எல் முடிக்க 50 லட்சம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். உரிமம் வாங்கியதும் வேலை முடிந்துவிடாது. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற பெரிய விமானங்களை ஓட்ட, அந்தந்த ரகத்துக்கான 'டைப் ரேட்டிங்' பயிற்சி வேண்டும். அதற்கு இன்னும் பல லட்சங்கள். விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டங்களில் இவை ஒரே தொகுப்பாக வரும். மொத்தத் தொகை ஒரு கோடியைத் தொடுவதும் உண்டு.

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், டி.ஜி.சி.ஏ அங்கீகரித்த விமானி பயிற்சியும் இடம்பெறுகிறது. 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் வங்கிகள் வழக்கமாகச் சொத்து அடமானம் கேட்கும். ஆக, விமானி கடன் என்பது பெரும்பாலும் வீட்டுப் பத்திரம் சம்பந்தப்பட்ட கடன்.

ஓர் எடுத்துக்காட்டு. 50 லட்சம் ரூபாய் கடன், வட்டி 10 சதவிகிதம், 15 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 53,700 ரூபாய். 10 ஆண்டில் கட்டுவதென்றால் சுமார் 66,000 ரூபாய். முழுத்தொகையும் வாங்கியபின் தவணை தொடங்காமல் ஓடும் ஒவ்வோர் ஆண்டும் 5 லட்சம் ரூபாய் வட்டி சேரும். வேலை கிடைத்துவிட்டால் விமானி சம்பளத்தில் இதைக் கட்டிவிடலாம். வேலை இரண்டு வருடம் தள்ளிப்போனால் யார் கட்டுவது? இந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் இருந்தால் மட்டுமே கையெழுத்துப் போட வேண்டும்.

ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பட்டியலின மாணவர்கள் ஒரு விஷயத்தைத் தவறவிடக் கூடாது. மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தின் முதல் பிரிவுப் படிப்புகளில் வணிக விமானி பயிற்சியும் இருக்கிறது. எவ்வளவு கட்டணம் ஈடுசெய்யப்படும் என்பதை, சேரும் முன்பே கடலூர் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

வேலை இருக்கிறதா?

2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அதே ஆண்டில் டி.ஜி.சி.ஏ வழங்கிய வணிக விமானி உரிமங்கள் 1,622. இத்தனை விமானங்களை ஓட்ட ஆள் வேண்டும் என்பது உண்மை.

அதே நேரம், 2012-ல் கிங்ஃபிஷர், 2019-ல் ஜெட் ஏர்வேஸ், 2023-ல் கோ ஃபர்ஸ்ட் என விமான நிறுவனங்கள் வரிசையாகப் பறப்பதை நிறுத்தியதும் உண்மை. ஒவ்வொரு முறையும் அனுபவமுள்ள விமானிகளே வேலை தேடி வரிசையில் நின்றார்கள். புதிதாக 200 மணி நேரம் முடித்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. விமானத் துறை நன்றாக இருக்கும்போது சேர்ந்து, சரியும்போது உரிமத்தோடு வெளியே வரும் நிலையும் ஏற்படலாம். வேலை கிடைத்த பிறகும் துணை விமானியாகத்தான் தொடக்கம். கேப்டன் இருக்கைக்கான ஏ.டி.பி.எல் உரிமம் பெறவே 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்.

அதனால், அஞ்சல் வழியிலாவது ஒரு பட்டப்படிப்பைக் கூடவே முடித்துவைப்பது நல்லது. அது கனவைச் சந்தேகப்படுவதாகாது. சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கிறார்களே, அதே ஏற்பாடுதான்.

ஒன்பதாவதாக வந்தவர்

மருத்துவப் பரிசோதனையிலோ, பணக் கணக்கிலோ கதவு மூடிக்கொண்டால் பிள்ளைகள் உடைந்துபோவார்கள். அவர்களிடம் சொல்ல நம் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது.

குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் விமானப் பொறியியல் படித்த ஓர் இளைஞர், விமானப்படை விமானி ஆகும் ஆசையில் டேராடூனுக்குத் தேர்வுக்குப் போனார். 25 பேர் கலந்துகொண்டார்கள். எட்டுப் பேருக்குத்தான் இடம். இவர் ஒன்பதாவதாக வந்தார். மனம் நொந்து ரிஷிகேஷ் வரை போய்விட்டுத் திரும்பி, டெல்லியில் வேறொரு அரசு வேலையில் சேர்ந்தார். அவர்தான் ஏ.பி.ஜே.அப்துல் கலாம். 2006 ஜூன் 8-ம் தேதி, குடியரசுத் தலைவராக, தன் 74-வது வயதில் புனேவில் சுகோய்-30 போர் விமானத்தின் துணை விமானி இருக்கையில் அமர்ந்து பறந்தார்.

விமானத் துறையில் விமானி இருக்கை மட்டுமே இருப்பதில்லை. விமானப் பராமரிப்புப் பொறியாளர், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர் என்று வேறு பல இருக்கைகளும் இருக்கின்றன. செராமிக் டெக்னாலஜி டிப்ளமோவுக்கென்றே அரசுக் கல்வி நிறுவனம் இருக்கும் விருத்தாசலத்துக்கு இன்னொரு வாசலும் உண்டு. ஏர்பஸ் 320 நியோ விமானங்களில் பொருத்தப்படும் லீப் என்ஜினின் டர்பைன் பகுதியில், இழைகளால் வலுவூட்டப்பட்ட செராமிக் பாகங்கள் இருக்கின்றன. உலோகம் தாங்க முடியாத வெப்பத்தை அவை தாங்குகின்றன. டர்பைன் பிளேடுகள் மீது பூசப்படுவதும் சிர்கோனியா என்ற செராமிக் பூச்சுதான்.

ஆக, வரிசை இதுதான். சரியான குரூப். அடுத்து கண் டாக்டர், பிறகு கிளாஸ் 2, கிளாஸ் 1. அதற்குப் பின் எழுத்துத் தேர்வுகள். பள்ளியை நேரில் பார்ப்பது அதற்கடுத்து. வீட்டுப் பத்திரத்தைக் கையில் எடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

வீட்டில் ஒரு பிள்ளை 'நான் பைலட் ஆகணும்' என்று சொன்னால் 'நமக்கெதுக்கு அதெல்லாம்' என்று அடக்கிவிடவும் வேண்டாம், அன்று மாலையே பணம் புரட்டக் கிளம்பவும் வேண்டாம். நாளைக்குக் காலையில் கண் மருத்துவரிடம் ஒரு டோக்கன் போடுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்!